கொம்பையாவின் பக்கச் சக்கரம்

நொச்சிக்கரிசலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரன் ஏதோ ஒரு சண்டைக்காகப் போட்டு, சண்டை முடிந்ததும் மறந்துவிட்டுப் போன பழைய ரன்வேயில், மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, ஊரே மிளகாய் காயப்போட்டிருந்த நேரத்தில், இன்ஜினும் இல்லாத, ஓட்டுபவரும் இல்லாத, வெள்ளை வெளேரென்ற ஒரு கிளைடர் விமானம் வானத்திலிருந்து சத்தமில்லாமல் இறங்கி, வாலால் அத்தனை பேர் மிளகாயையும் வாரி இழுத்துக்கொண்டு போய் நின்றபோது, ஊரார் முதலில் செய்த காரியம் தும்மியதுதான். அரை மணி நேரம் தும்மினார்கள். ஆடுகளும் தும்மின.

நெடி அடங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்த பிறகும், இது எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருடைய குண்டு மிளகாய் யாருடைய சம்பா மிளகாயோடு கலந்தது என்பதுதான் பேச்சாக இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, ‘ஒரு வாகனம், நம்பர் பிளேட் இல்லை’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். ஊராட்சித் தலைவி பேச்சித்தாய், ரன்வேயில் கிடக்கும் மிளகாயை அள்ளி முடிக்கும் முன் எந்த விமானமும் நகரக் கூடாது என்று அன்றைக்கே ஒரு தீர்மானம் போட்டார். மறுநாள் காலையில், ஒரு றெக்கையைத் தரையில் ஊன்றி ஒருக்களித்து நின்ற அந்த விமானத்தின் மேல், மண்ணும் எறும்பும் அண்டாத இடம் என்று கண்டுகொண்ட பெண்கள் கூழ்வற்றல் பிழிந்து காயவைத்திருந்தார்கள்.

எல்லாம் சரி, வால்தான் இடித்தது. மற்ற விமானங்களுக்கு வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்குமாம். இதற்கு அது எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. சக்கரம் இருந்திருந்தால் மிளகாய் தப்பியிருக்கும் என்று ஊர் தீர்மானித்தது. சக்கரம் என்றால் அந்த ஊரில் ஒரே ஆள்தான்.

செண்பகவல்லி பஞ்சர் கடை வைத்து இருபத்திரண்டு வருடமாகிறது. அப்பா விட்டுப் போன கம்ப்ரஸரை வைத்துக்கொண்டு, ஆண்கள் சிரித்தபோது அவர்களுடைய டயரையே கழற்றிக் கையில் கொடுத்து, சிரிப்பை நிறுத்தியவள். அவள் பிடித்த காற்று ஒரு மாதத்துக்கு இறங்காது. காற்றளவு பார்க்கும் மீட்டர் ஒன்று அவள் பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடந்தது, அதை அவள் தொட்டதே இல்லை. காற்றைப் பிடித்துவிட்டு ஸ்பானரால் டயரை ஒரு தட்டுத் தட்டுவாள். ‘ணங்’ என்று கேட்டால் விடுவாள், ‘தொம்’ என்று கேட்டால் இன்னும் ஏற்றுவாள். வண்டிக்காரர் வாயைத் திறந்தால், “காத்துன்னா கல்லு மாதிரி நிக்கணும்” என்று சொல்லி வாயை மூடிவிடுவாள்.

அவள் கடையிலிருந்து ஊருக்குள் திரும்பும் ஊருணிக்கரை வளைவில், புளியமரத்தடியில், அடிக்கடி ‘உஸ்ஸ்’ என்று ஒரு சீறல் கேட்கும். தண்ணீர் எடுக்கப் போகும்போது அவளே பலமுறை கேட்டிருக்கிறாள். என்னவென்று விசாரித்தபோது, அங்கே ஒரு நல்ல பாம்பு இருப்பதாகவும், யாரையும் ஒன்றும் செய்யாது என்றும் ஊரார் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு கிண்ணம் பால் கொண்டுபோய் வைத்துவருகிறாள். பேச்சித்தாய் வீட்டுப் பூனை நன்றாகக் கொழுத்திருந்தது.

விமானத்தை விவரம் தெரிந்த ஒருவர் பார்ப்பது நல்லது என்று, வடக்கே ஏதோ ஒரு கிளைடர் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து இப்போது நாட்டுக்கோழி வளர்க்கும் ஏசுவடியானையும் அழைத்துவந்தார்கள். அவர் வாலைத் தடவிப் பார்த்து, நெடுநாள் கழித்து வந்த உறவுக்காரர் இளைத்துப்போயிருப்பதைக் கண்டதுபோல உச்சுக் கொட்டினார்.

“இங்க பாரும்மா. வயித்துக்குக் கீழ இருக்கிற பெரிய சக்கரம்தான் பாரம் தாங்கும். வால்ல இருக்கிறது தரையைத் தொட்டுக்கிட்டு வரணும், அம்புட்டுத்தான். ஆனா சின்னதுதானேன்னு கையில கிடைச்சதை மாட்டிரக் கூடாது. வால் அம்புட்டுத் தூரத்துல இருக்கு. அங்க கனம் கூடுனா, அதைப்போல ரெண்டு பங்கு, மூணு பங்கு முன்னால மூக்குல வைக்கணும். இல்லேன்னா வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு விழும். கட்டி ரப்பர்ச் சக்கரம் பஞ்சராகாது, ஆனா ஒவ்வொரு கல்லையும் வாலுக்குச் சொல்லும். காத்துச் சக்கரம்தான் நல்லது. அதுலயும் காத்து முப்பது பவுண்டுக்கு மேல வேண்டாம்.”

“முப்பதா?” என்றாள் செண்பகவல்லி. “முப்பது வச்சா அதுக்குப் பேரு டயர் இல்லண்ணே, தலையணை.”

முதலில் கிடைத்தது இட்லிக்கார வெயிலுகந்தாளின் பழைய தள்ளுவண்டியில் முன்னால் இருந்த குட்டிச் சக்கரம். செண்பகவல்லி அதைத் தேய்த்து, ட்யூப் மாற்றி, ‘ணங்’ என்று கேட்கும்வரை ஏற்றி, வாலில் மாட்டி போல்ட்டை முறுக்கினாள். சாயங்காலம் நான்கு மணி அடித்ததும் விமானம், யாரும் கயிறு கட்டி இழுக்காமல், தானாக உருண்டு எழும்பி, பனைமர உயரத்தில் ஊருக்குள் வந்து, பள்ளிக்கூட வாசலில் கொஞ்ச நேரம் நின்று, ரைஸ்மில் வாசலில் கொஞ்ச நேரம் நின்று, மூன்றாம் தெருவில் கைக்குழந்தைக்காரி வீட்டு முன்னால் மட்டும் சற்றுக் கூடுதலாக நின்று, வெயிலுகந்தாள் பத்து வருடம் வண்டி தள்ளிய வழி எதுவோ அந்த வழியே போய்விட்டு ரன்வேக்குத் திரும்பியது. ஜனங்கள் பழக்கத்தில் தூக்குவாளியோடு வெளியே வந்துவிட்டார்கள். வெயிலுகந்தாள் தெருத்தெருவாக ஓடி, “இட்லி இல்ல தாயி, சக்கரம் மட்டுந்தான் வருது” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போனாள்.

இப்படியாக, மாட்டிய சக்கரம் எங்கெங்கே போய்ப் பழகியதோ அங்கங்கே விமானம் போகும் என்பது ஊருக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு சும்மா இருக்குமா ஊர்? ஆஸ்பத்திரித் தள்ளுபடுக்கையின் சக்கரத்தை மாட்டினார்கள். அது வார்டுக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவே நாள் முழுக்கப் போய் வந்ததில், படுத்திருந்த நோயாளிகளில் இருவர் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு குழந்தையின் நடைவண்டிச் சக்கரம், பத்தடி தூரம் போவதும் குப்புற விழப் பார்ப்பதுமாக இருந்து, பேச்சித்தாயால் தடை செய்யப்பட்டது. வேலைக்கு நேர்காணல் என்று சென்னைக்குப் போய்வந்த ஒரு மருமகனின் சூட்கேஸ் சக்கரத்தை மாமனார் ரகசியமாகக் கொண்டுவந்து மாட்ட, விமானம் சென்னைப் பக்கமே திரும்பாமல் கோவில்பட்டியில் ஒரு லாட்ஜுக்கு மேல் அரை நாள் வட்டமடித்துவிட்டு வந்தது. அந்த வாரத்தில் ஊர் ஆண்கள் பலர் தங்கள் வண்டிகளைப் பூட்டி வைத்தார்கள். சிலர் சக்கரத்தையே கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோனார்கள்.

செண்பகவல்லியின் கடைக்குள், மேலே ஆணியில், அப்படிப்பட்ட ஒரு சக்கரம் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. அது அவள் புருஷன் கொம்பையாவின் ஸ்கூட்டரில் இருந்த பக்கச் சக்கரம்.

கொம்பையாவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தாலுகா ஆபீஸுக்குப் போய், வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். ரோடு இல்லை, தண்ணீர் இல்லை, பட்டா இல்லை என்று ஊரார் குறையெல்லாம் அவர் கைப்பட்டுத்தான் கலெக்டர் வரைக்கும் போகும். மூன்று மணிக்கு வீடு வந்து சாப்பிடுவார். நான்கு மணிக்கு, “ஒரு சுத்து போயிட்டு வாரேன்” என்று கிளம்புவார். ஆறரைக்கு வருவார். எங்கே சுற்று, என்ன சுற்று என்று அவர் சொன்னதில்லை, கேட்டால் சிரிப்பார். வந்ததும் செண்பகவல்லி கடையைச் சாத்துமுன் அவர் வண்டியின் நான்கு சக்கரத்தையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். கல்லு மாதிரி இருக்கும். அவளுக்கு மனசு நிறைந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் மூன்றே நாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார். அன்றைக்குக் கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்களுக்குள் ஒருத்தி இன்னொருத்தியிடம், “இவ இங்க அழுறா. சாயங்காலம் போவாகளே, அங்க யாரு அழுறாளோ” என்று சொன்னது செண்பகவல்லியின் காதில் விழுந்தது. அந்த ஒரு வாக்கியம் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. புதுத்தெருவில் தையல் கடை வைத்திருந்த உலகம்மாளை அன்று முதல் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. உலகம்மாள் தனிக்கட்டை, நாலு மணிக்கு மேல் கடையில் வேலை இருக்காது, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். சந்தேகப்பட இவ்வளவு போதாதா? இருபது வருடம் தன்னோடு வாழ்ந்த மனுஷனை நினைத்து முழுசாக அழக்கூட முடியாமல், ஒரு கண்ணில் துக்கமும் ஒரு கண்ணில் கோபமுமாக அவள் இரண்டு வருடத்தை ஓட்டியிருந்தாள்.

ஊருக்கும் இது தெரியும். கடைக்கு வருகிறவர்கள் காற்றுப் பிடிக்கும்போது ஆணியில் தொங்குவதை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள், அவளை ஒருமுறை பார்ப்பார்கள், வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள்.

இதற்கிடையில் வால் வேறு கெட்டுக்கொண்டு வந்தது. விமானம் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் வால் தரையில் பட்டு, டம், டம், டம் என்று மூன்று குதி குதித்துத்தான் நிற்கும். ஏசுவடியான் குனிந்து பார்த்தார், வாலின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல்.

“கட்டிச் சக்கரமெல்லாம் போதும். காத்துச் சக்கரம் மாட்டி, காத்தைக் கொஞ்சம் இறக்கும்மா. இன்னும் ஒரு இறக்கம் தாங்கும். அதுக்கு மேல வால் கையோட வந்துரும்.”

“வால்ல கோளாறுண்ணே. என் காத்துல என்ன கோளாறு?” என்றாள் அவள். அவர் கோழிகளுக்குத் தீனி வைக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

இன்னும் ஒரு இறக்கம் என்ற சொல் அவளைத் தூங்கவிடவில்லை. வால் உடைந்துவிட்டால் அப்புறம் எந்தச் சக்கரமும் எதையும் சொல்லப் போவதில்லை. தெரிந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. தெரியாமலே போய்விட்டால் என்று நினைத்தபோது அதைவிடப் பயமாக இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவள் நாற்காலியைப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து சக்கரத்தை இறக்கி, துடைத்து, வழக்கத்தைவிட ஒரு பங்கு அதிகமாகவே காற்றை ஏற்றி, ‘ணங்’ என்று தட்டிப் பார்த்து, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ரன்வேயைப் பார்க்க நடந்தாள். அவள் பின்னாலேயே ஊரும் நடந்தது. பேச்சித்தாய் ஆள் வைத்து மிளகாயை முன்னதாகவே அள்ளச் சொல்லியிருந்தார்.

சக்கரம் அளவுக்குச் சரியாகப் பொருந்தியது. ஆனால் ஏசுவடியான் தலையை ஆட்டினார். “ரிம்மு இரும்பு. கனம் கூட. மூக்குல பாரம் வைக்காம இது எழும்பாது.”

“மணல் மூட்டை வைப்போமா?” என்றார் ஒருவர்.

“மூட்டை சரியும். ஒரு ஆள் உக்காந்தாத்தான் சரியா இருக்கும். நல்ல… திடமான ஆளா.”

எல்லாரும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல மிளகாய்க் குவியலைப் பார்த்தார்கள்.

“நானே உக்காருதேன்” என்றாள் அவள்.

கொண்டையைத் தளர்த்திய பிறகுதான் கண்ணாடி மூடியைச் சாத்த முடிந்தது. நான்கு மணிக்கு விமானம் உருண்டது. ரன்வேயில் இருந்த ஒவ்வொரு வெடிப்பும் ஒவ்வொரு பொடிக்கல்லும் வாலில் ஏறி, அங்கிருந்து உட்காரும் பலகைக்கு வந்து, அவள் முதுகுத்தண்டில் கணக்குத் தப்பாமல் குத்தின. “அம்மாடி” என்றாள். அவள் வாழ்க்கையில் அவள் பிடித்த காற்றின் மேல் அவளே உட்கார்ந்து போவது அன்றுதான் முதல் தடவை. கடையை விட்டு எங்கே போனாலும் நடந்தே போகிறவள்.

எழும்பியதும் விமானம் நேரே புதுத்தெருப் பக்கம் திரும்பியது. கீழே ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது. செண்பகவல்லி உட்காரும் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தால், கண் மூட மறுத்தது. உலகம்மாள் தன் வீட்டு மாடியில், கழுத்தில் இஞ்சுடேப்போடு, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, இதற்காகவே இரண்டு வருடமாகக் காத்திருந்தவள்போல நின்றுகொண்டிருந்தாள். விமானம் அவள் தலைக்கு மேலே வந்தது. நிற்கவில்லை. நிற்கப்போவதுபோல வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. கடந்து போனது.

“பாத்துக்கிட்டியா?” என்று உலகம்மாள் வானத்தைப் பார்த்துக் கத்தினாள். “நல்லாப் பாத்துக்கோ! ஒரு ஜாக்கெட் தைக்கக்கூட இந்தப் பக்கம் வராத மனுஷன்!”

விமானம் புதுத்தெருவைத் தாண்டி, கண்மாயைத் தாண்டி, பைபாஸ் ரோட்டோரம் லாரிகள் நிற்கும் பொட்டலுக்குப் போய் இறங்கியது. டம், டம், டம் என்று மூன்று குதி; மூன்றாவதில் செண்பகவல்லியின் பற்கள் ஒன்றோடொன்று மோதின, வாலில் எங்கோ படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எதிரே இருந்தது சீனிப்பாண்டியின் பஞ்சர் கடை.

சீனிப்பாண்டியோடு அவள் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. கடை திறந்த அன்றே அவன் ‘இங்கு அளவான காற்று பிடிக்கப்படும்’ என்று பலகை எழுதி மாட்டினான். அளவான என்ற சொல்லை அவன் யாருக்காக எழுதினான் என்று அவளுக்குத் தெரியாதா? இந்தக் கடையில் கொம்பையாவுக்கு என்ன வேலை?

சீனிப்பாண்டி கையில் கிரீஸோடு வெளியே வந்தான். விமானத்தைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை. அவன் கண்ணில் பட்டது வால் சக்கரம் மட்டும்தான். நேரே அதனிடம் போய்க் குத்துக்காலிட்டு, வால்வு மூடியைத் திருகி எடுத்து, நகத்தால் உள்ளே அமுக்கினான்.

உஸ்ஸ்.

கண்ணாடிக்குள் இருந்தவளுக்கு அது தெரிந்த சத்தம். ஊருணிக்கரையில் அவள் பால் வைத்துக் கும்பிட்ட பாம்பு இங்கே சீறிக்கொண்டிருந்தது. மூடியைத் தள்ளித் திறந்தாள்.

“ஏய்! என் காத்தை என்னய்யா பண்ணுத?”

அவன் திடுக்கிட்டு எழுந்தான். “மயினி… நீங்களா உள்ள? கைப்பழக்கம் மயினி. இந்தச் சக்கரத்தைப் பாத்ததும் கை தானா போயிருச்சு.”

“என்ன பழக்கம்?”

அவன் தரையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் சொன்னான். “அண்ணாச்சி தினம் நாலே காலுக்கு வருவாக. நாலு சக்கரத்துலயும் காத்தைப் பாதியா இறக்கிவிடுவேன். ஒரு டீ குடிப்பாக. அப்புறம் ரன்வே, கம்மாய்க்கரைன்னு ஒரு சுத்து. அந்தச் சூம்புன கால் இருக்குல்ல, கல்லு மாதிரிக் காத்து இருந்தா ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ள குத்துமாம். ஆபீஸுக்குப் போகையில தாங்கிக்கிடுவாக. சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம் மட்டும் மெத்துன்னு போகணும்பாக.”

“பொய் சொல்லாத. தினமும் ஆறரைக்கு நான் அமுக்கிப் பாப்பேன். கல்லு மாதிரித்தான் இருக்கும்.”

“அதுக்குத்தான மயினி ஆறு மணிக்குத் திரும்ப இங்க வந்து ஏத்திக்கிட்டுப் போவாக. இன்னும் கொஞ்சம் வை, இன்னும் கொஞ்சம் வை, அவ விரலுக்குத் தெரிஞ்சுரும்பாக. எனக்கே பயமா இருக்கும், வெடிச்சிருமோன்னு.”

செண்பகவல்லி விமானத்தை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தாள். ஊர்க் குறையெல்லாம் மனு எழுதியவர், தன் குறை ஒன்றை மட்டும் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். என் காற்றை இன்னொருத்தன் கையால் இறக்க விட்டாரே, அதுவும் இந்தப் பலகைக்காரன் கையால் என்று வந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?”

“சொன்னாகளாமே. கல்யாணம் ஆன புதுசுல. காத்துக் கொஞ்சம் கூட இருக்கோன்னு கேட்டாகளாம். நீங்க மூணு நாள் சோறு மட்டும் வச்சீகளாம், பேசலையாம்.”

நான்கு நாள். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

“இங்க வேற யாரும் வருவாகளா? அவுக கூட?”

“வேற யாரு மயினி? நானும் இந்தக் கம்ப்ரஸரும்தான்.” பிறகு, எப்படியும் மாட்டிக்கொண்டோம், முழுசாகவே சொல்லிவிடுவோம் என்று நினைத்தானோ என்னவோ, “உங்க ஊர்ல மத்தவுகல்லாம் இம்புட்டுத் தூரம் வர மாட்டாக. ஊருணிக்கரையிலயே இறக்கிருவாக” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அது அழுகையாக மாறியது; இரண்டு வருடமாக ஒரு கண்ணால் மட்டும் அழுதவள், அன்றைக்கு பைபாஸ் ரோட்டில் லாரிக்காரர்களெல்லாம் பார்க்க, இரண்டு கண்ணாலும் அழுதாள். இடுப்பு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நாள், கால் மணி நேரம். அவர் இருபது வருடம்.

“மிச்சத்தையும் இறக்கு” என்றாள் மூக்கைச் சிந்திவிட்டு. “அவுகளுக்கு இறக்குற மாதிரியே இறக்கு.”

காற்று இறங்கியதும் விமானம் எழும்பியது. உருளும்போது ஒரு கல்லும் அவளைத் தொடவில்லை. கண்மாய்க்கரை மேல் போனது, கொக்குகள் கிளம்பி இடம் விட்டன. ரன்வேக்கு மேல் ஒரு நீளம் போய்த் திரும்பியது. எங்கும் நிற்கவில்லை, எவர் வீட்டுக்கும் போகவில்லை. வலியில்லாமல் போவது ஒன்றுக்காகவே போகிற ஒரு மனுஷனின் வழி அது. ஒரே ஒரு இடத்தில் மட்டும், அவள் கடைக்கு எதிரே சற்றுத் தள்ளி இருந்த வேலிக்கருவைக் காட்டுக்கு மேலே, விமானம் கொஞ்ச நேரம் நின்றது. அங்கிருந்து பார்த்தால் கடை வாசல் தெரிந்தது. அவள் குந்தி உட்கார்ந்து டயர் தட்டும் இடம் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள், விமானம் தானாக நகரும்வரை.

ஆறு மணிக்கு மறுபடியும் சீனிப்பாண்டி கடையில் இறங்கியபோது வால் பட்ட சத்தமே இல்லை. பூனை குட்டியைக் கீழே வைப்பதுபோல வைத்தது. ஊரே அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஏசுவடியான் ஓடிவந்து விரிசலைத் தடவிப் பார்த்து, அதிகம் வளரவில்லை, ஒட்டுப் போட்டுவிடலாம் என்றார். சீனிப்பாண்டி பழக்கத்தில் காற்றுக் குழாயை எடுத்துக்கொண்டு வால் பக்கம் வந்தான்.

“வேண்டாம்” என்றாள் செண்பகவல்லி.

“இல்ல மயினி, ஆறு மணி ஆச்சுல்ல, ஏத்தாம அனுப்புனா…”

“அமுக்கிப் பாக்கப் போறவ நான்தான?”

இறங்கி வந்து குனிந்து கட்டைவிரலை டயர் மேல் வைத்து அமுக்கினாள். விரல் அரை அங்குலம் உள்ளே போனது. அதை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை முதல் ஆளாகக் கடைக்கு வந்த தபால்காரர், சைக்கிளை நிறுத்திவிட்டு வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். செண்பகவல்லி பெட்டியைத் திறந்து, காற்றளவு பார்க்கும் மீட்டரை எடுத்து, உறையைப் பிரித்து, முந்தானையால் துடைத்தாள்.

“எம்புட்டு வைக்கட்டும்?”

தபால்காரர் திரும்பிப் பார்த்தார், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று. இல்லை. ரொம்பத் தயங்கி, தாழ்ந்த குரலில், தன் அளவைச் சொன்னார். அவள் அந்த அளவே வைத்தாள். ஸ்பானரை எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் இந்தச் செய்தி நான்கு ஊருக்குப் போய்விட்டது. விமானம் வந்தபோதுகூட வந்து பார்க்காதவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து காற்றுப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊருணிக்கரைப் பாம்பு அதற்கப்புறம் சீறவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பாம்பு இல்லை என்பது தெரிந்தும் அவள் பால் காய்ச்சி, கிண்ணத்தில் ஊற்றாமல் தூக்குவாளியில் ஊற்றினாள். பேச்சித்தாய் வீட்டுப் பூனை கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்துவிட்டுத் திரும்பிப் போனது. நாலே காலுக்கு சீனிப்பாண்டி கடையில் ஒரு டீ போட வேண்டும், அதற்கான பால் அது. ரன்வேயில் மிளகாயை அள்ளி ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள், கூழ்வற்றலையும் றெக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே கடையைச் சாத்திவிட்டு அவள் கொண்டையைத் தளர்த்திக்கொண்டு நடந்தபோது, எதிரே வந்த உலகம்மாள் வேண்டுமென்றே நின்று, “எங்க கிளம்பிட்டீக?” என்று கேட்டாள்.

செண்பகவல்லி அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“ஒரு சுத்து போயிட்டு வாரேன்” என்றாள்.